பயன்படுத்திய பொருளை அன்பளிப்பாகத் தரலாமா?

 

பிறர் பயன்படுத்திய ஒரு பொருளை விலை கொடுத்து வாங்கி, அதை நம் உறவினர் ஒருவருக்கு அன்பளிப்பாகக் கொடுக்கலாமா? இக்கேள்வி உங்கள் இல்லத்தில் என்றேனும் எழுந்ததுண்டா? புத்தாடை, நகை, பாத்திரம் போன்றவற்றில் இதற்கு இடமில்லை. குளிர்சாதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், பெரிய திரைத் தொலைக்காட்சி ஆகியவை அவ்வாறன்று. அவை விலை மிகுந்தவை. நடுத்தரக் குடும்பத்தாருக்கு மனம் விரியும் அளவுக்குப் பணப்பை விரிவதில்லை. புதியதாக வாங்கினால் சிறியது; பழையதாக வாங்கினால் பெரியது. இரண்டில் எதைக் கொடுப்பது முறை?

சென்ற ரமலானுக்கு முந்திய ஷஅபான் மாதத்தில் எங்கள் குடும்பத்தில் எழுந்த இக்கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன். உங்களுள் பலருக்கும் இது பயன்படக்கூடும்.

என் மூத்த சகோதரியார் கீழக்கரையில் தனியே வசிக்கிறார்கள். வயது எழுபதை நெருங்குகிறது. உம்மாவை இழந்த என்னை உம்மாவாக நின்று வளர்த்தவர்கள். மச்சான் காலமாகிவிட்டார்கள். மக்கள் இருவரும் வளைகுடா நாட்டில் பணிபுரிகின்றனர். சில ஆண்டுகளுக்கு முன் ராத்தாவின் பார்வையில் குறை ஏற்பட்டது. வயது முதிர்வினால் விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்து, நேரே நோக்கும் பொருளின் நடுவில் மங்கல் படிந்து தெரியும் நோய் அது. ஓரப்பார்வை இருக்கும், நடுப்பார்வை குறையும். கண்ணாடி மாற்றி இதைச் சரிசெய்ய இயலாது என்றும், எழுத்தும் படமும் பெரிதாகவும் அருகிலும் இருந்தால் ஓரளவு தெரியும் என்றும் மருத்துவர் கூறினார்.

அன்றாடம் ஃபஜ்ருக்குப் பின் குர்ஆன் ஷரீபை மடியில் வைத்து ஓதி வந்தவர்களுக்கு அது நின்று போயிற்று. மனனமான சூராக்களை ஓதுகிறார்கள். மற்றவற்றைப் பிறர் ஓதக் கேட்கிறார்கள். மக்கா ஹரம் ஷரீபிலிருந்து இரவு பகலாக நேரடியாக ஒளிபரப்பாகும் காட்சியே அவர்களுக்குத் துணை. மச்சானோடு ஒருமுறை ஹஜ்ஜுக்குச் சென்று வந்த நினைவு அவர்கள் நெஞ்சில் பசுமையாக உள்ளது. ஆனால் வீட்டில் இருந்ததோ 24 அங்குலத் தொலைக்காட்சி. எட்டடிக்கு அப்பால் அலமாரியின் மீது அது வைக்கப்பட்டிருந்தது. ஒருநாள் தொலைபேசியில் ராத்தா கூறினார்கள்: "கஅபாவின் கருமை தெரிகிறது, தம்பி. சுற்றி வருபவர்கள்தாம் தெரியவில்லை. ஏதோ வெண்புகை சுழல்வது போல் இருக்கிறது."

இச்சொல் என் மனத்தை உறுத்தியது. ரமலான் பிறப்பதற்குள் ஒரு பெரிய திரைத் தொலைக்காட்சியை அவர்களுக்கு ஹதியாவாக அனுப்ப வேண்டும் என்று முடிவு செய்தேன்.

தொலைக்காட்சியை அன்பளிப்பாகக் கொடுப்பதா என்று உங்களில் சிலர் புருவம் உயர்த்தலாம். அக்கவலை புதிதன்று. சென்னையில் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. இலங்கையின் ரூபவாஹினி 1982இல் ஒளிபரப்பைத் தொடங்கியபோது, கடலுக்கு இப்பாலுள்ள நம் கரையோர ஊர்களின் மாடிகளில் உயர்ந்த ஆன்டெனாக்கள் முளைத்தன. அக்காலத்தில் இப்பெட்டி வீட்டிற்குள் வரலாமா என்று பள்ளிவாசல் திண்ணைகளிலும் பெண்களின் கூட்டங்களிலும் நடந்த விவாதங்களை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதில் வரும் ஆபாசமும், வீண்பொழுதும், தொழுகை நேரம் தவறுவதும் இன்றும் அஞ்சத்தக்கவையே. ஆயினும் அது ஒரு கருவி. எதைப் பார்க்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. திரையில் தெரியும் இமாமைப் பின்பற்றி வீட்டிலிருந்து தொழ இயலாது என்பதை ராத்தா நன்கறிவார்கள். கேட்பதும் காண்பதும்தான் அவர்களின் நோக்கம்.

இந்நிலையில் எங்கள் குடியிருப்பில் ஒரு குடும்பத்தினர் வேற்றூருக்கு மாறிச் செல்லவிருந்தனர். அவர்களிடம் நான்காண்டுகள் பழகிய 55 அங்குல எல்.இ.டி. தொலைக்காட்சி விலைக்கு இருந்தது. 18,000 ரூபாய் கேட்டனர். நான் ஒதுக்கியிருந்த தொகையும் ஏறத்தாழ அவ்வளவே. அதற்குப் புதிதாக 55 அங்குலம் வாங்க முடியாது. என் மகன் மகிழ்ந்தான். "இயந்திரத்தில் பழையது என்ன, புதியது என்ன? பெரிதாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதானே" என்றான். என் மனைவியோ, "ஒருவர் உடுத்திய சேலையை வாங்கி அவர்களுக்கு அனுப்புவீர்களா?" என்று கேட்டார். இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது.

எங்கள் மஹல்லா இமாமிடம் இதைப் பற்றிப் பேசினேன். பயன்படுத்திய பொருளை ஹதியாவாகக் கொடுப்பதில் மார்க்கத் தடை ஏதுமில்லை என்று கூறிய அவர், ஸஹ்ல் பின் ஸஃது (ரலி) அவர்கள் அறிவித்து புகாரியில் இடம்பெற்றுள்ள ஒரு நிகழ்ச்சியை நினைவூட்டினார். ஒரு பெண்மணி தம் கையால் நெய்த மேலாடை ஒன்றை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு அன்பளித்தார். அது தேவையாயிருந்த நிலையில் நாயகம் (ஸல்) அவர்கள் அதை ஏற்று அணிந்து வந்தார்கள். தோழர் ஒருவர் அதைத் தமக்குத் தருமாறு கேட்டார். அவருக்கு அதைக் கொடுத்துவிட்டார்கள். மற்றவர்கள் அத்தோழரைக் கடிந்துகொண்டனர். அவரோ, தமக்குக் கஃபனாக அமையட்டும் என்றே கேட்டதாகக் கூறினார், அவ்வாறே அமைந்தது. அணிந்த ஆடைதான்! கொடுத்தவரின் உடலைத் தொட்டிருந்ததே அதன் மதிப்பை உயர்த்தியது.

இமாம் அத்துடன் நிறுத்தவில்லை. அல்பகரா அத்தியாயத்தின் 267ஆம் வசனத்தின் கருத்தையும் எடுத்துக் கூறினார். நமக்கு ஒருவர் தந்தால் கண்ணை மூடிக்கொண்டு மட்டுமே வாங்கக்கூடிய மட்டமான பொருளை, அல்லாஹ்வின் பாதையில் கொடுப்பதற்கெனத் தேடிப் பொறுக்கக் கூடாது என்பது அதன் கருத்து. "அது தர்மத்தைப் பற்றிய வசனம். ஆனாலும் அன்பளிப்புக்கும் அதை அளவுகோலாகக் கொள்ளலாம். பழையதா புதியதா என்று பார்க்காதீர்கள். அதை உங்களுக்கு ஒருவர் தந்தால் நீங்கள் மனமுவந்து வாங்குவீர்களா என்று பாருங்கள்" என்றார்.

இவ்வளவுகோலைக் கையில் கொண்டு, தெரிந்த மெக்கானிக் ஒருவரையும் அழைத்துக்கொண்டு மாலையில் அவ்வீட்டிற்குச் சென்றேன். அவர் சோதித்த முறையைக் கூறுகிறேன். பழைய பெட்டி வாங்க எண்ணுவோருக்கு உதவும்.

முதலில் பின்புறச் சீட்டில் மாதிரி எண்ணையும் தயாரித்த ஆண்டையும் பார்த்தார். விற்பவர் சொல்லும் வயதும் சீட்டின் வயதும் சில நேரம் மாறுபடும். பிறகு அறை விளக்குகளை அணைத்துவிட்டுத் திரை முழுதும் வெள்ளை, சாம்பல், சிவப்பு, பச்சை, நீலம் என ஒவ்வொரு நிறமாக வரச் செய்தார். ஓடும் படத்தில் மறைந்துவிடும் கோடுகளும் கரும்புள்ளிகளும் மங்கிய மூலைகளும் ஒரே நிறத்தில் வெளிப்பட்டுவிடும். ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓடவிட்டார். குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காக இயங்கி, சூடேறிய பின் தடுமாறும் பெட்டிகள் உண்டாம். இணைப்புத் துளைகள் ஒவ்வொன்றையும் சோதித்தார். ரிமோட், தாங்கும் கால்கள், திருகுகள், வாங்கிய ரசீது ஆகியன உள்ளனவா என்று கேட்டார்.

"எல்.இ.டி. பெட்டியில் பேனலுக்குப் பின்னே ஒளி தரும் பேக்லைட் பட்டைகள் இருக்கும். அவை போனால் ஒலி வரும், படம் தெரியாது. அதை மாற்றிவிடலாம். பேனலே விரிசல் கண்டால் அதை மாற்றும் செலவு பல நேரம் புதிய பெட்டியின் விலையைத் தொட்டுவிடும்" என்றார் அவர். ஓ.எல்.இ.டி. வகையில் ஒரே அலைவரிசையின் முத்திரை நெடுநாள் நின்று திரையில் நிழலாகப் படிந்திருக்கக்கூடும். பிளாஸ்மா வகையைப் பெரிய நிறுவனங்கள் 2014ஆம் ஆண்டளவில் கைவிட்டுவிட்டன. அதை எவரேனும் மலிவாகத் தந்தாலும் உதிரிப் பாகம் கிடைப்பது அரிது.

விலையைப் பற்றியும் ஒரு செய்தி. விற்பவர் தாம் வாங்கிய பழைய ரசீதைக் காட்டிப் பாதி விலை என்பார். நீங்கள் ஒப்பிட வேண்டியது இன்றைய புதிய விலையோடு. 32 அங்குலத்திற்கு மேற்பட்ட தொலைக்காட்சிகளுக்கு 28 விழுக்காடாக இருந்த ஜி.எஸ்.டி. வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. ஆகவே பழைய ரசீதின் பாதி, இன்றைய விலையின் பாதியாக இருக்க வேண்டியதில்லை.

அக்குடும்பத் தலைவர் முஸ்லிமல்லர். ஆயினும் அவர் நடந்துகொண்ட முறை நம் வணிகர்கள் அறிந்துகொள்ளத்தக்கது. மெக்கானிக் திரையைத் தொடும் முன்பே, "வலப்பக்கக் கீழ் மூலை சற்று மங்கல். இரண்டாம் எச்.டி.எம்.ஐ. துளை வேலை செய்யாது. இவ்விரண்டையும் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்" என்றார். சோதனையில் அவ்விரண்டையன்றி வேறு குறை தென்படவில்லை. தாமே விலையைக் குறைத்து 15,000 என்றார். வாங்குவோரும் விற்போரும் உண்மை பேசிக் குறைகளைத் தெளிவாக்கினால் அவ்வணிகத்தில் பரக்கத் உண்டு என்ற கருத்துடைய நபிமொழி எனக்கு நினைவுக்கு வந்தது. தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரமிருப்பதைக் கண்டு, மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று நாயகம் (ஸல்) அவர்கள் வணிகரைக் கண்டித்ததும் நினைவுக்கு வந்தது. ஈரத்தை மேலே வைத்துக் காட்டிய மனிதரை அன்று நான் நேரில் கண்டேன்.

வீடு திரும்பியதும் மகன் ஒரு யோசனை சொன்னான். "கடையில் காலி அட்டைப்பெட்டி கிடைக்கும். அதில் வைத்து ஒட்டி அனுப்பிவிட்டால் மாமிக்குப் புதியதென்றே தோன்றும். மனமும் மகிழும்."

இங்கேதான், வாசகர்களே, நாம் நின்று சிந்திக்க வேண்டும். விற்றவர் மறைக்காத குறையை, அன்பின் பெயரால் நான் மறைப்பதா? விற்பனையில் மறைத்தால் மோசடி என்கிறோம். அன்பளிப்பில் மறைப்பதற்கு மட்டும் வேறு பெயர் உண்டா? மூன்று மாதம் கழித்து அப்பெட்டி இருண்டு, பழுது பார்க்க வந்தவர் பின்புறச் சீட்டைப் படித்து அதன் வயதைக் கூறினால், ராத்தாவின் மனம் என்ன பாடுபடும்? பெட்டி பழையது என்பதை அவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். தம் கண் மங்கியதால் ஏமாற்றப்பட்டோம் என்று ஒரு கணம் எண்ணினாலும் அதை நான் எதைக் கொண்டு ஈடு செய்வேன்? இவ்வாறு நான் கூறியதும் மகன் தலைகுனிந்து, "உண்மைதான் வாப்பா" என்றான்.

உண்மையைச் சொல்லியே அனுப்புவது என்றாயிற்று. அதன் பிறகும் என் மனம் அமைதியடையவில்லை. காரணம் வேறு. சென்னையிலிருந்து கீழக்கரை 500 கிலோமீட்டருக்கு மேல். பெரிய திரையை நிமிர்த்தியே கொண்டு செல்ல வேண்டும். படுக்கவைத்தால் பேனல் அழுத்தம் தாங்காது. அங்கு சென்ற பின் கடற்காற்றின் உப்பு மின்பலகைகளை அரிக்கும். உத்தரவாதக் காலமோ முடிந்துவிட்டது. ரமலான் இரவொன்றில் திடீரெனப் படம் மறைந்தால், கண் மங்கிய ஒரு முதிய பெண்மணி யாரை அழைப்பார்கள்? மெக்கானிக்குக்குப் பணம் யார் தருவார்கள்? நான்காண்டு வரலாறு எனக்கே முழுதாகத் தெரியாத ஒரு பொருளின் பாரத்தை அவர்கள் தலையில் ஏற்றுவதன்றோ அது? பெறுபவருக்குக் கவலையைத் தரும் பொருளை எவ்வாறு ஹதியா என்பது?

அப்போது என் மனைவி கூறிய சொல் எல்லாவற்றுக்கும் வழிகாட்டியது. "அந்தப் பெட்டியின் குறை நமக்கு முழுதாகத் தெரியாது. நம் கூடத்துப் பெட்டியின் நிறை நமக்குத் தெரியும். நம்முடையதை அவர்களுக்கு அனுப்புங்கள். வாங்கும் பழையதை நாம் வைத்துக்கொள்வோம். கெட்டால் நம் வீட்டில் கெடட்டும்."

எங்களுடையது 43 அங்குலம். இரண்டாண்டுகளுக்கு முன் புதிதாக வாங்கியது. ஒருநாளும் பழுதானதில்லை. ரசீது இருந்தது, நீட்டித்து வாங்கிய உத்தரவாதம் இன்னும் ஓராண்டு மீதமிருந்தது. பரணில் அதன் சொந்த அட்டைப்பெட்டியும் இருந்தது. ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 92ஆம் வசனம், நாம் நேசிப்பதிலிருந்து கொடுக்காதவரை நன்மையை அடைய முடியாது என்ற கருத்தைப் போதிக்கிறது. அதைப் பலமுறை ஓதியிருக்கிறோம். எங்கள் கூடத்துச் சுவரிலிருந்து ஒரு பொருளைக் கழற்றும்போது அது எவ்வளவு நுட்பமான கட்டளை என்பது புரிந்தது. பிள்ளைகள் விரும்பிப் பார்த்த பெட்டி அது. மங்கிய மூலையுள்ள பெட்டி இனி அவர்களுக்கு.

55 வேண்டுமென்று எண்ணிய இடத்தில் 43 போதுமா? இதற்குச் சிறு கணக்கு உண்டு. கண்ணுக்குத் தெரியும் அளவு, திரையின் அளவை மட்டுமன்றித் தொலைவையும் பொறுத்தது. தொலைவு பாதியானால் உருவம் இரு மடங்காகத் தெரியும். 8 அடியிலிருந்து பார்க்கும் 55 அங்குலத்தைவிட, 6 அடியிலிருந்து பார்க்கும் 43 அங்குலம் சற்றுப் பெரிதாகவே தெரியும். பழைய 24 அங்குலத்தையே அருகில் வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அதே அளவு தெரிய அதை மூன்றரை அடிக்குள் வைக்க வேண்டும். மூட்டுவலியால் கட்டிலில் கால் நீட்டியே அமரும் ராத்தாவுக்கு அது இயலாது. கட்டிலின் நீளமே ஆறடி. எனவே காலடிச் சுவரை அளக்கச் செய்தோம். கதவுக்கும் ஜன்னலுக்கும் இடையே மூன்றரை அடி இருந்தது. 43 அங்குலத் திரையின் அகலம் சுமார் 38 அங்குலம், பொருந்தியது. 55 அங்குலத்தின் அகலமோ நான்கடி, ஜன்னலை மறைத்திருக்கும்.

அனுப்புமுன் இரண்டு காரியங்களைச் செய்தேன். வளைகுடாவிலுள்ள மருமக்கள் இருவருக்கும் செய்தி சொன்னேன். மக்கள் இருக்கையில் தம்பி அனுப்புகிறார் என்று ஊரார் பேசி அவர்கள் மனம் நோகக் கூடாதல்லவா? அவர்கள் மகிழ்ந்து, சுவரில் பொருத்தும் செலவையும் இணைய இணைப்பையும் தாங்கள் ஏற்றுக்கொண்டனர். அடுத்து, ராத்தாவிடம் உள்ளதை உள்ளபடி கூறினேன். "எங்கள் கூடத்தில் இருந்ததைத்தான் அனுப்புகிறேன், ராத்தா. இரண்டாண்டு பழகியது." மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு கேட்டார்கள்: "அப்படியானால் பிள்ளைகள் எதைப் பார்ப்பார்கள்?" வேறொன்று வாங்கியிருக்கிறோம் என்று சொன்ன பிறகே சம்மதித்தார்கள்.

பெட்டியைக் கொண்டு சென்ற வண்டி வெறுங்கையோடு திரும்பவில்லை. அன்பளிப்பை ஏற்று அதற்குப் பகரமாகக் கொடுப்பது நபிவழியன்றோ! ஓலைப்பெட்டி நிறையத் தொதல் வந்தது. சில நாள்களில் தொலைபேசியில், "தவாஃபு செய்பவர்கள் இப்போது மனிதர்களாகத் தெரிகிறார்கள்" என்றார்கள். எங்கள் கூடத்தில் 55 அங்குலம் மங்கிய மூலையோடு இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.

வாசகர்களே! நல்ல நிலையிலுள்ள பொருளைப் புதுமோகத்தால் குப்பைக்கு அனுப்புவது வீண்விரயம். பழையதைக் கொடுப்பதும் பெறுவதும் இழிவல்ல. ஆனால் கொடுக்குமுன் உங்களையே சில கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். இதை எனக்கு ஒருவர் தந்தால் மனமுவந்து வாங்குவேனா? இதன் குறைகளை நான் அறிவேனா? அறிந்தவற்றைப் பெறுபவரிடம் சொல்வேனா? பழுதானால் பாரம் யாருக்கு? இது அவருடைய தேவைக்குப் பொருந்துகிறதா, அல்லது என் பெருமைக்கா? இவற்றுக்கு நல்ல விடை கிடைத்தால் தயங்காமல் கொடுங்கள். ஐயமுள்ளதை உங்களிடம் நிறுத்திக்கொண்டு, தெளிவானதை அடுத்தவருக்குக் கொடுங்கள். கொடுத்த பின் ஒருநாளும் சொல்லிக்காட்டாதீர்கள்.

நம் கொடுத்தலையும் பெறுதலையும் வல்ல அல்லாஹ் தூய்மையாக்கி, உறவுகளை அன்பினால் பிணைத்து வைப்பானாக! ஆமீன்.